பர்னார்டு விண்மீன் வேகம் கூட்டியதா? இரண்டு அளவீடுகளுக்கு நடுவே ஒரு நிகழ்வு ஆய்வு

ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் அளவீடுகளைத் திருத்தி 2007-ல் வெளியிட்ட பட்டியலில், பர்னார்டு விண்மீன் ஆண்டுக்கு வடக்கே 10,328.12 மில்லி விகலையும் மேற்கே 798.58 மில்லி விகலையும் நகர்வதாக இருக்கிறது. இது 1991 ஏப்ரலை ஒட்டிய கணக்கு. கையா விண்கலத்தின் மூன்றாம் வெளியீட்டில் அதே விண்மீனுக்கு வடக்கே 10,362.39, மேற்கே 801.55 என்று இருக்கிறது. இது 2016 தொடக்கத்துக்கானது. இரு திசைகளையும் சேர்த்து மொத்த நகர்வைக் கண்டால் முதல் பட்டியலில் 10,359; இரண்டாவதில் 10,393. வித்தியாசம் ஆண்டுக்கு 34 மில்லி விகலை.

ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு விகலை. அதை மேலும் ஆயிரம் கூறு போட்டால் மில்லி விகலை. 34 என்பது கண்ணுக்கு எட்டாத நுணுக்கம்தான். ஆனால் கையாவின் பிழை வரம்பு இந்த விண்மீனுக்கு 0.04 மில்லி விகலைக்கும் குறைவு. ஹிப்பார்கோஸின் பிழை வரம்பு ஒன்றிரண்டு மில்லி விகலை. ஆகவே 34-ஐ அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க வழியில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டில் இந்த விண்மீன் வானில் வேகம் கூட்டியிருக்கிறது.

எதற்காகக் கூட்டியது என்பதுதான் இந்த ஆய்வு. இதில் நான் முழுமூச்சாக இறங்கியதற்குக் காரணம் உண்டு. விடை தெரிந்த கேள்விதான். ஆனால் விடையை ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறவருக்கு, அதில் அடங்கியிருக்கும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகவே தெரியும். ஒன்று வடிவியல். மற்றொன்று ஒளி வந்து சேர எடுக்கும் நேரம். முதலாவது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது எண்ணுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

ஆள் யார்?

ஒபியூக்கஸ் மண்டலத்தில் இருக்கும் சிவப்புக் குறுமீன் இது. சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்குதான். ஒளிப்பொலிவு 9.5 (இந்த எண் கூடக் கூட மங்கல் என்று பொருள்) என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு 1894-லும் 1916-லும் எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டபோது, மற்ற விண்மீன்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, இது மட்டும் கிட்டத்தட்ட 4 கலை (ஒரு கலை 60 விகலை) தள்ளிப் போயிருந்தது. வானில் மிக வேகமாக நகரும் விண்மீன் என்று அதுவரை கப்டெய்ன் விண்மீன் வைத்திருந்த முதலிடத்தை இது எடுத்துக்கொண்டது, இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ 180 ஆண்டில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும்.

வானில் ஒரு விண்மீன் ஆண்டுக்கு எத்தனை கோணம் நகர்கிறது என்பதைத் தனி இயக்கம் என்கிறோம். ‘தனி’ என்ற சொல் இங்கே பொருள் பொதிந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் ஆட்டங்களை எல்லாம் கழித்தபின் மிஞ்சுவது அது. ஆங்கில வானியலாளர் பிராட்லி 1728-ல் கண்டறிந்த ஒளிப் பிறழ்ச்சி (பூமியின் ஓட்டத்தால் ஒளி வரும் திசை சாய்ந்து தெரிவது) ஒவ்வொரு விண்மீனையும் ஆண்டுதோறும் 20.5 விகலை வரை ஆட்டுகிறது. பூமியோடு நாம் இடம் மாறிப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றம் இந்த விண்மீனை 0.547 விகலை ஆட்டுகிறது. பூமி தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, விண்மீன் ஒளி வந்து சேரும் நேரம் முன்னும் பின்னும் 8 நிமிடத்துக்கு மேல் மாறும். இவற்றை எல்லாம் கழித்து, சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் ஆக்கிய எண்தான் பட்டியலில் ஏறுகிறது. எனவே நம் 34 மில்லி விகலைக்குப் பூமியின் சுழற்சியையோ சுற்றையோ குறை சொல்ல முடியாது.

தெரிந்த மற்ற எண்கள்: இடமாறு தோற்றம் 546.98 மில்லி விகலை, அதாவது தொலைவு 5.96 ஒளியாண்டு. நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் நகர்வு, விண்மீன் நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 110.5 கி.மீ. வேகத்தில் வருவதைக் காட்டுகிறது. தனி இயக்கத்தையும் தொலைவையும் பெருக்கினால் குறுக்குவாட்டு வேகம் நொடிக்கு 90 கி.மீ. இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 142.6 கி.மீ. நம்மை நோக்கிய திசைக்கு 39 பாகை சாய்ந்த பாதையில் அது வந்துகொண்டிருக்கிறது.

முதல் சந்தேகம்: மறைவான துணை

இன்றைய வானியலில் ஹிப்பார்கோஸ் எண்ணையும் கையா எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு வழக்கமான துப்பறியும் முறை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை அந்த விண்மீனை இழுக்கிறது என்று சந்தேகிப்பார்கள். பல விண்மீன்களின் துணைகள் இப்படித்தான் அகப்பட்டன.

அதே கண்ணால் பர்னார்டு விண்மீனைப் பார்த்தால் என்ன ஆகும்? 34 மில்லி விகலையை வேகமாக மாற்றினால் நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர். 24.75 ஆண்டில் இவ்வளவு என்றால் ஆண்டுக்கு 12 மீட்டர்/நொடி கூடியிருக்கிறது. இந்த முடுக்கத்தை ஒரு துணை கொடுக்க வேண்டுமானால், 10 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) தொலைவில் வியாழனைப்போல ஆறேழு மடங்கு நிறை கொண்ட ஒன்று அங்கே இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. இல்லாத ஒரு கோளைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பால்வெளியின் ஈர்ப்பு காரணமாக இருக்குமா? சூரியக் குடும்பமே பால்வெளியைச் சுற்றி வளைந்து செல்கிறது; அந்த முடுக்கத்தைக் கையா, குவாசார்கள் எனப்படும் மிகத் தொலைவான ஒளிர் பொருள்களை வைத்து அளந்திருக்கிறது. வேகம் ஆண்டுக்கு நொடிக்கு 7 மில்லிமீட்டர்தான் மாறுகிறது. 12 மீட்டருக்கு முன் அது ஒன்றுமே இல்லை. நம் விண்மீன் நேர்கோட்டில், மாறா வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வதில் பிழையில்லை.

நேர்கோடுதான், ஆனால் பார்ப்பது ஓரத்திலிருந்து

தண்டவாளத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று ரயில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைவில் இருக்கும்போது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. நெருங்க நெருங்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். எதிரே கடக்கும்போது வெடுக்கென்று திருப்ப வேண்டும். ஓட்டுநர் வேகத்தைத் தொடவே இல்லை. நம் கழுத்துதான் முடுக்கத்தை உணர்கிறது.

இதைக் கணக்காகச் சொல்ல ஓர் அழகான வழி இருக்கிறது. கெப்ளரின் இரண்டாம் விதியை எல்லோரும் கோள்களோடு சேர்த்தே படிக்கிறோம்: சம காலத்தில் சம பரப்பு. அந்த விதிக்கு ஈர்ப்பே தேவையில்லை. எந்த விசையும் இல்லாமல் நேர்கோட்டில் போகும் பொருளும், ஓரத்தில் நிற்பவரைப் பொறுத்துச் சம காலத்தில் சம பரப்பையே வருடுகிறது. முக்கோணத்தின் அடியும் உயரமும் மாறாவிட்டால் பரப்பு மாறாது, அவ்வளவுதான். ஆகவே தொலைவின் வர்க்கத்தைத் தனி இயக்கத்தால் பெருக்கினால் வருவது மாறாத எண். தொலைவு ஒரு விழுக்காடு குறைந்தால் தனி இயக்கம் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூட வேண்டும்.

இனி எண்களைப் போடுவோம். நொடிக்கு 110.5 கி.மீ. என்றால் ஆண்டுக்கு 23.3 வானியல் அலகு. 1991 ஏப்ரல் முதல் 2016 தொடக்கம் வரை 24.75 ஆண்டு. அதற்குள் விண்மீன் 577 வானியல் அலகு நெருங்கிவிட்டது. மொத்தத் தொலைவு 3,77,100 வானியல் அலகு. விகிதம் 0.153 விழுக்காடு. இரட்டித்தால் 0.306. 10,359-ல் 0.306 விழுக்காடு எவ்வளவு? 31.7.

நாம் தேடியது 34, பின்னத்தோடு சொன்னால் 34.4. வடிவியல் தருவது ஏறத்தாழ 32. மீதி இரண்டரை மில்லி விகலை, ஹிப்பார்கோஸின் பிழை வரம்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதை நான் புதிராகக் கருதவில்லை. மூன்றேகால் ஆண்டு மட்டும் பார்த்து நகர்வை அளந்த ஒரு கருவிக்கு அது நியாயமான தடுமாற்றமே. ஆறேழு வியாழன் நிறை கொண்ட துணை இங்கேயே மறைந்துபோகிறது.

இந்த விளைவுக்குக் காட்சிக்கோண முடுக்கம் என்று பெயர் சொல்லலாம். பர்னார்டு விண்மீனின் தனி இயக்கம் இதனால் ஒவ்வோர் ஆண்டும் 1.285 மில்லி விகலை கூடுகிறது. சின்னதுதானே என்று விட்டுவிட்டால் காலத்தின் வர்க்கமாக வளர்ந்து கழுத்தைப் பிடிக்கும். 100 ஆண்டில் விண்மீன் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 6.4 விகலை விலகி நிற்கும். ஹிப்பார்கோஸ் பட்டியலைத் தயாரித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களில் 21-க்கு மட்டும் இந்தத் திருத்தத்தைச் சேர்த்தார்கள். மற்றவற்றுக்கு அன்றைய துல்லியத்தில் தேவைப்படவில்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது தலைகீழ்ப் பயன்பாடு. நிறமாலையையே பார்க்காமல், வெறும் இடக்குறிப்புகளை வைத்து ஒரு விண்மீன் நம்மை நோக்கி எவ்வளவு வேகமாக வருகிறது என்று சொல்லிவிட முடியும். ஜெர்மானிய வானியலாளர் ஸீலிகர் 1900-ல் இந்த விளைவை விவரித்தார். 1917-ல் ஷ்லெசிங்கர் இதை ஆரத் திசைவேகம், அதாவது நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம், அளக்கும் வழியாகவே முன்வைத்தார். நம் 34.4-ஐ அப்படியே எடுத்துத் திருப்பிக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 120 கி.மீ. வருகிறது. உண்மையான 110.5-க்கு அருகில்தான், ஆனால் திருப்தியில்லை. ஹிப்பார்கோஸ் சொன்ன நகர்வு எண்ணை விட்டுவிட்டு, அது 1991-ல் குறித்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்ல வழி. அந்த இடத்துக்கும் கையா குறித்த இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை 24.75-ஆல் வகுத்தால் சராசரி நகர்வு கிடைக்கும். இடப் பிழை ஒரு மில்லி விகலை அளவு என்றாலும் அதுவும் 24.75-ஆல் வகுபடுகிறது. அந்தச் சராசரியைக் கையாவின் 2016 எண்ணோடு ஒப்பிட்டால் கூர்மை பல மடங்கு ஏறிவிடும்.

இப்படிக் கிடைக்கும் வேகத்துக்கு ஒரு தூய்மையும் உண்டு. நிறமாலைக் கோட்டில் விண்மீனின் ஈர்ப்பால் வரும் சிவப்பு நகர்வும், அதன் மேற்பரப்பில் வாயு கொதித்து ஏறி இறங்குவதால் வரும் நகர்வும் கலந்திருக்கும். சூரியனுக்கு ஈர்ப்பு நகர்வு மட்டுமே நொடிக்கு 636 மீட்டர். வடிவியலுக்கு இந்தக் கலப்படம் தெரியாது.

பார்வைக்கோடு திரும்புவதால் வரும் இன்னொரு மாற்றம்

குறுக்குவாட்டு வேகம் கூடினால், மொத்த வேகம் மாறாததால், நம்மை நோக்கிய வேகம் குறைய வேண்டும். பர்னார்டு விண்மீனின் ஆரத் திசைவேகம் ஆண்டுக்கு நொடிக்கு 4.5 மீட்டர் மாறுகிறது. 2003-ல் கியூர்ஸ்டர் குழுவினர், சிலி நாட்டின் பரானலில் உள்ள மிகப் பெரிய தொலைநோக்கியில் இரண்டரை ஆண்டு தொடர்ந்து அளந்து, ஒரு விண்மீனில் இந்த மாற்றம் முதன்முறையாகக் கண்டறியப்பட்டதாக வெளியிட்டார்கள். அவர்களின் துல்லியம் 2.65 மீட்டர்/நொடி.

கோள் தேடுவோருக்கு இது விளையாட்டல்ல. 2024 அக்டோபரில் இந்த விண்மீனைச் சுற்றி 3.15 நாளுக்கு ஒருமுறை வலம்வரும் சிறு கோள் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அதோடு மொத்தம் நான்கு கோள்கள் என்று உறுதியானது. முதல் கோள் விண்மீனை ஆட்டும் அளவு நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர். நேர்கோட்டு ஓட்டத்தால் வரும் பொய்ச் சாய்வு ஆறேழு வாரத்திலேயே அந்த அளவைத் தாண்டிவிடும். அதைக் கழிக்காமல் ஒரு கோளையும் நம்ப முடியாது.

கொசுறாக வரும் மூன்று மணி நேரம்

இதுவரை ஒளி நொடிப்பொழுதில் வந்து சேர்ந்துவிடுவதுபோலவே பேசினோம். அது உண்மையல்ல, ஐந்து ஆண்டு பதினோரு மாதத்துக்கும் மேல் எடுக்கிறது. வெறும் தாமதம் மட்டும் என்றால் எதையும் கெடுக்காது. ஆறு ஆண்டு பழைய படத்தைப் பார்ப்போம், அவ்வளவே. சிக்கல், தாமதம் மாறிக்கொண்டே இருப்பதில்.

உங்களை நோக்கி நடந்து வரும் ஒருவர் நாள் தவறாமல் கடிதம் போடுகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு கடிதமும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைந்த தூரம்தான் வர வேண்டும். அதனால் உங்கள் கையில் கடிதங்கள் நாளொன்றுக்கு ஒன்றைவிடச் சற்று அதிகமாக வந்து சேரும். எழுதியவர் அவசரப்படவில்லை.

பர்னார்டு விண்மீன் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 349 கோடி கி.மீ. நெருங்குகிறது. இந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 3 மணி 14 நிமிடம் ஆகும். ஆக, நாம் இங்கே ஓராண்டு பார்த்தால், அங்கே நடந்த ஓராண்டும் கூடவே 3 மணி 14 நிமிடமும் நமக்குக் காட்சியாகக் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் நேரத்திலும் விண்மீன் நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வும் நம் ஓராண்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது.

எவ்வளவு? விண்மீனின் அணுகும் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் 0.000369. அதை 10,393-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 3.8 மில்லி விகலை. கையாவின் பிழை வரம்பைப்போல நூறு மடங்கு. குறுக்குவாட்டு வேகமாகச் சொன்னால் நொடிக்கு 33 மீட்டர். பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து நேராகக் கணக்கிடும் வேகம், உண்மை வேகத்தைவிட இவ்வளவு கூடுதலாக இருக்கும்.

இந்த நிகழ்வின் மையப் புள்ளி இதுவே என்று நினைக்கிறேன். காட்சிக்கோண முடுக்கம் கால் நூற்றாண்டில் 32 மில்லி விகலை மாற்றத்தைக் கொண்டுவந்தது. இரண்டு பட்டியல்களும் முரண்பட்டதால் மாட்டிக்கொண்டது. ஒளிநேர விளைவோ 1991-லும் 3.8, 2016-லும் 3.8. இரண்டு பட்டியல்களையும் கழித்தால் தானும் கழிந்துபோகிறது. எத்தனை துல்லியமான கருவி வந்தாலும், எத்தனை ஆண்டு பார்த்தாலும், வானில் தெரியும் நகர்வை மட்டும் வைத்து அதைப் பிரித்தெடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். ஆரத் திசைவேகம் தெரிந்தால், கணக்கால் மட்டுமே வெளியே எடுக்கலாம். பெரிய விளைவு பிடிபடுகிறது, மாறாத விளைவு தப்பிக்கிறது.

இதை முழுமையாகச் சூத்திரமாக்கியவர் ஸ்டும்ஃப், 1985-ல். பின்னர் 2014-ல் புட்கெவிச்சும் லிண்டெக்ரனும் கையாவின் துல்லியத்துக்கு ஏற்ப விரிவாக ஆராய்ந்தார்கள். பட்டியல்களில் ஒளிநேரத்தைத் திருத்தாமலே விடுவது மரபு. 2016 என்ற குறிப்பு, அந்த ஒளி சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு வந்து சேர்ந்த காலத்தைத்தான் சொல்கிறது, விண்மீனை விட்டுக் கிளம்பிய காலத்தை அல்ல. இது நல்ல மரபு என்பது என் எண்ணம். தொலைவும் ஆரத் திசைவேகமும் நாளை திருத்தப்படலாம். பார்த்ததைப் பார்த்தபடியே பதிந்து வைத்தால்தான் பின்னால் வருகிறவர் புதிதாகக் கணக்குப் போட முடியும்.

இதே கொசுறு, மேலே சொன்ன கோளின் ஆண்டையும் தொட்டிருக்கிறது. அது ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் விண்மீன் நமக்கு இன்னும் கொஞ்சம் அருகே வந்துவிடுவதால், நாம் அளக்கும் 3.15 நாள், அங்கே கழியும் காலத்தைவிட ஏறத்தாழ 100 நொடி குறைவு. 1676-ல் டென்மார்க் வானியலாளர் ரோமர் கண்டதும் சாராம்சத்தில் இதுவே. வியாழனின் துணைக்கோளான ஐயோ ஏறத்தாழ 42 மணி 30 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. பூமி வியாழனை நோக்கி விரையும் காலத்தில் ஒவ்வொரு சுற்றும் 15 நொடி வரை குறைந்து தெரியும். அந்தச் சில நொடிகள் மாதக்கணக்கில் குவிந்தபோதுதான் ஒளிக்கும் வேகம் உண்டு என்று மனிதர்களுக்கு முதன்முதலாக உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விண்மீன் இப்போது எங்கே இருக்கிறது? நாம் காணும் இடத்தில் இல்லை. ஒளி கிளம்பிய பிறகு அது 62 விகலை வடக்கே போய்விட்டது. அதற்கு ஒரு லேசர் சமிக்ஞை அனுப்ப விரும்பினால், சமிக்ஞை போய்ச் சேரும் ஆறாண்டுக்கும் சேர்த்து, தெரியும் இடத்துக்கு இரண்டு கலைக்குச் சற்று அதிகமாக முன்னே குறிபார்க்க வேண்டும். அங்கே அந்த இடைவெளி 227 வானியல் அலகு. சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தொலைவைப்போல ஏழரை மடங்கு. விண்மீன் தெரிகிற இடத்துக்கே அனுப்பினால், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிய கதைதான்.

பெரிய வேகங்களில்

0.037 விழுக்காடு என்பது வேகம் சிறிது என்பதால். இதே வகுத்தலில் ஒளி வேகத்தை ஒட்டிய எண்ணைப் போட்டால் விளைவு கட்டுக்கடங்காமல் பெருகும். ஒளி வேகத்தில் 99 விழுக்காட்டோடு, நம் பார்வைக்கோட்டுக்கு 8 பாகை சாய்வில் வரும் ஒரு பொருள், வானில் ஒளியைவிட 7 மடங்கு வேகமாகக் குறுக்கே ஓடுவதுபோல் தெரியும். எம்87 விண்மீன் திரளின் மையத்திலிருந்து பீறிடும் தாரையில், ஒளியைப்போல 6 மடங்கு வேகம் ஹப்பிள் தொலைநோக்கியால் அளக்கப்பட்டது. எந்த விதியும் மீறப்படவில்லை; கடிதங்கள் மொத்தமாக வந்து குவிகின்றன. பால்வெளி மையத்துக் கருந்துளையை 16 ஆண்டில் சுற்றும் எஸ்2 என்ற விண்மீனில், பாதையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒளிநேர வித்தியாசமே சில நாட்கள். 2018-ல் அது கருந்துளையை நெருங்கியபோது ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு நகர்வைச் சோதித்தவர்கள், ரோமரின் இந்தப் பழைய திருத்தத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் மேலே போனார்கள்.

பழைய வழக்கு ஒன்று

பர்னார்டு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று 1963-லேயே ஒருவர் அறிவித்திருந்தார். ஸ்ப்ரௌல் வானாய்வகத்தின் பீட்டர் வான் டி காம்ப். 1938 முதல் எடுத்த தகடுகளில் ஏறத்தாழ 25 மில்லி விகலை வீச்சுள்ள ஓர் ஆட்டத்தைக் கண்டு, 24 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும், வியாழனைப்போல 1.6 மடங்கு நிறையுள்ள கோள் என்றார். தகட்டின் மேல் அந்த வீச்சு ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அவர் காட்சிக்கோண முடுக்கத்தை மறந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதை நன்றாக அறிந்தவர். கணக்கில் சேர்த்தும் இருந்தார். சேர்க்காமல் விட்டிருந்தால் 24 ஆண்டுத் தகடுகளின் இரு முனைகளிலும் 60 மில்லி விகலை விலகல் தெரிந்திருக்கும். அவர் அறிவித்த ஆட்டத்தைப்போல இரு மடங்குக்கும் மேல். பிழை வேறிடத்தில் இருந்தது. 1973-ல் கேட்வுட்டும் ஐக்ஹார்னும் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளில் அந்த ஆட்டத்தைக் காணவில்லை. அதே ஆண்டு ஹெர்ஷே, ஸ்ப்ரௌல் தொலைநோக்கியின் மற்ற விண்மீன்களும் அதே ஆண்டுகளில் சேர்ந்து ஆடியிருப்பதைக் காட்டினார். லென்ஸைக் கழற்றிச் சரிசெய்த காலங்களோடு அது பொருந்தியது. வடிவியலைச் சரியாகக் கழித்த ஒருவரைக் கருவி கைவிட்டது. பல பத்தாண்டு உழைப்பு அது. படிக்கும்போது மனம் கனக்கிறது.

இனி நடக்கப்போவது

பாதையும் வேகமும் தெரிந்துவிட்டதால் எதிர்காலத்தையும் கணக்கிடலாம். இன்னும் 9,700 ஆண்டில் பர்னார்டு விண்மீன் நம்மை மிக நெருங்கும், தொலைவு 3.77 ஒளியாண்டாக இருக்கும். அப்போதும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தனி இயக்கம் ஆண்டுக்கு 26 விகலையாக ஏறியிருக்கும். ஆரத் திசைவேகம் படிப்படியாகக் குறைந்து சுழியாகும். காட்சிக்கோண முடுக்கமும் அந்தப் புள்ளியில் நின்று, பிறகு எதிர்த்திசையில் தொடங்கும்.

வடிவியலைப் பொறுத்தவரை அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள பாதை கண்ணாடிப் பிம்பம்போல ஒத்திருக்கும். ஒளிநேரம் அப்படி இல்லை. நெருங்கும்வரை ஆண்டுக்கு மூன்று மணி நேரக் கொசுறு கொடுத்துவந்த விண்மீன், அதைச் சுருக்கிக்கொண்டே வந்து, மிக அருகே வரும்போது ஒன்றுமில்லாமல் ஆக்கி, பிறகு திருப்பி வசூலிக்கத் தொடங்கும். விலகிச் செல்லச் செல்ல நம் ஓராண்டில் அங்கே ஓராண்டுக்கும் குறைவான நேரமே காட்சியாகும். இன்று இருக்கும் அதே 5.96 ஒளியாண்டுத் தொலைவை மறுபக்கத்தில் எட்டும்போது, வடிவியல் கணக்குப்படி இன்றைய தனி இயக்கமே வர வேண்டும். ஆனால் அன்று அளப்பவருக்கு 7.7 மில்லி விகலை குறைவாகத்தான் கிடைக்கும்: இன்று கூடுதலாகத் தெரிகிற 3.8, அன்று குறைவாகத் தெரியப்போகும் 3.8. இரு முனை அளவீடுகளும் ஒருவர் கையில் சேரும்போது, இதுவரை எண்ணுக்குள் ஒளிந்திருந்த விளைவு முதன்முறையாக ஒரு வித்தியாசமாக வெளியே தெரியும். அதற்கு இன்னும் ஏறத்தாழ 19,400 ஆண்டு இருக்கிறது.